பள்ளியில் தண்டனை, போரில் ரகசிய ஆயுதம்: யார் இந்த கார்ல் கார்மன்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், சின்லியில் 1907-ல் பிறந்தவர் கார்ல் கார்மன். நவாஹோ பழங்குடியைச் சேர்ந்தவர். படிக்கப் போன மிஷன் பள்ளியில் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும். தாய்மொழியில் பேசியதற்காக, சிறுவன் கார்மனை ஒரு வாரம் இரும்புக் குழாயில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்தார்கள்.

1942-ல் நிலைமையே தலைகீழ். பசிபிக் போரில் அமெரிக்காவின் ரகசியச் செய்திகளை ஜப்பான் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தது. ஒட்டுக்கேட்டாலும் புரியாத மொழி ஒன்று மரைன் படைக்குத் தேவைப்பட்டது. நவாஹோவைத் தேர்ந்தெடுத்தார்கள். வயதைக் குறைத்துச் சொல்லிப் படையில் சேர்ந்தார் கார்மன்.

அவர் உட்பட 29 பேர் சேர்ந்து சங்கேத மொழியை உருவாக்கினார்கள். டாங்கி என்றால் ஆமை. நீர்மூழ்கிக் கப்பல் என்றால் இரும்பு மீன். பயிற்சி இல்லாத நவாஹோக்காரருக்கே ஒன்றும் புரியாது. போர் முடியும்வரை ஜப்பானால் அதை உடைக்க முடியவில்லை.

குவாடல்கனால், சாய்பான் தீவுகளில் உயிரைப் பணயம் வைத்தவருக்கு ஊரில் கிடைத்தது என்ன? அரிசோனா பழங்குடிகளுக்கு ஓட்டுரிமை 1948-ல்தான் வந்தது. 1968-ல் ரகசியம் விலக்கப்படும்வரை, போரில் செய்த வேலையை வெளியே சொல்லவும் கூடாது.

பின்னர் ஓவியரானார்; கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பாடம் நடத்தினார். 1998-ல், 90 வயதில் மறைந்தார். அந்த 29 பேருக்கும் நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது 2001-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

சங்கிலிக்குப் பயந்து அந்தச் சிறுவர்கள் தாய்மொழியை விட்டிருந்தால், 1942-ல் மரைன் படைக்கு அந்த மொழி கிடைத்திருக்காது.