டெலிபோன் கண்ட பெல், காது கேளாத பிள்ளைகளின் ஆசிரியர்



அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்றதும் டெலிபோன்தான் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் அவரோ தம்மைக் காது கேளாத பிள்ளைகளின் ஆசிரியர் என்றே எண்ணி வந்தார். அந்தப் பிள்ளைகளுக்காக அவர் எடுத்த பிரயாசையே டெலிபோனுக்கும் வழி திறந்தது என்பதைப் பலர் அறியார்.

பெல் 1847-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனாரும் தகப்பனாரும் பேச்சுக்கலை கற்பித்தவர்கள். தாயார் எலிசா அம்மையாருக்கோ காது சரியாய்க் கேளாது. ஆயினும் அவர் பியானோ நன்றாய் வாசிப்பார். மற்றவர்கள் அவருடைய காதுக்குழாயில் உரக்கப் பேசுவார்கள். மகன் மாத்திரம் தாயின் நெற்றியருகே வாயை வைத்து, தாழ்ந்த குரலில் நிதானமாய்ப் பேசுவான். குரலின் அதிர்வு எலும்பின் வழியாய்த் தாய்க்கு எட்டும். சுற்றியிருப்போர் பேசுவதை விரல் எழுத்துக்களாலும் அவருக்கு உணர்த்துவான்.

இதைச் சற்றே யோசித்துப் பாருங்கள். பேச்சு முழுவதும் காதின் வழியாகவே வர வேண்டுமென்பதில்லை. பேச்சுக்கு ஒரு தாளம் உண்டு. எந்த அசை நீளும், எது குறுகும், எங்கே அழுத்தம், எங்கே நிறுத்தம் என்பதே அந்தத் தாளம். "கல்", "கால்" என்று சொல்லிப் பாருங்கள். உதட்டை மட்டும் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். குறிலா நெடிலா என்பதே பொருளைப் பிரிக்கிறது. காது கேளாத பிள்ளை அந்த வேறுபாட்டைக் கைதட்டலாலும் காலடியாலும் உணரலாம். மேளத்தின்மேல் வைத்த உள்ளங்கையாலும் உணரலாம்.

1867-லும் 1870-லும் பெல்லின் சகோதரர் இருவரும் காசநோயால் மாண்டனர். ஆகவே குடும்பத்தார் 1870-ல் கானடாவுக்குக் குடியேறினர். மறு வருஷம் பெல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியரானார். பிறவியிலேயே காது கேளாத ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, எழுத்துக்களும் சொற்களும் குறித்த கையுறையைத் தந்து மொழி கற்பித்தார்.

தங்கள் குரல் எப்படியிருக்கிறது என்று அறியாத பிள்ளைகளுக்கு அதைக் கண்ணால் காட்ட முடியுமா? இதுவே அவருடைய ஓயாத கவலை. 1874-ம் ஆண்டு, ஒரு வைத்தியர் உதவியால் பெற்ற, இறந்த மனிதரின் காதைக் கொண்டு ஒரு கருவி செய்தார். அதனுள் பேசினால் செவிப்பறை அதிரும். அதிலுள்ள சின்ன எலும்பு அசையும். அதில் பொருத்திய துரும்பு, புகை படிந்த கண்ணாடியின்மேல் அலை அலையாய்க் கோடு கிழிக்கும். இவ்வளவு மெல்லிய தோல் எலும்பையே அசைக்கிறதே என்று கண்டதிலிருந்து டெலிபோன் யோசனை அவருக்குத் தெளிவாயிற்று. 1876-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மறு வருஷம் தம் மாணவி மேபல் ஹப்பர்டை மணந்தார். அந்த அம்மாள் ஐந்து வயதில் செங்காய்ச்சலால் செவிப்புலன் இழந்தவர்.

இத்தகைய பெல்லிடமும் ஒரு பெருங்குறை இருந்தது. காது கேளாதோர் எல்லாரும் வாயாலேயே பேச வேண்டும் என்று அவர் பிடிவாதமாய் நின்றார். பள்ளிகளில் சைகைமொழி வேண்டாம் என்றார். காது கேளாதோர் தங்களுக்குள் மணம் செய்துகொள்வது தகாது என்று 1883-ல் ஓர் அறிவியல் சபையில் வாதித்தார். சொந்தத் தாயோடு விரல்களால் பேசியவர், மற்றப் பிள்ளைகளின் கைகளைக் கட்டிவைக்கும் கொள்கைக்குத் துணை நின்றார்! அதனால் பல பிள்ளைகள் வாய்ப்பேச்சும் முழுதாய் வராமல், சைகையும் கல்லாமல் தவித்தனர். மொழியே இல்லாத பால்யம் எத்தனை கொடிய தனிமை!

பெல் 1922-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி கானடாவில் காலமானார். அடக்கத்தின்போது வட அமெரிக்காவின் டெலிபோன்கள் ஒரு நிமிஷம் மௌனமாயிருந்தன.

தாய் தந்தையரே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கூப்பிட்டால் திரும்பாத குழந்தை உண்டா? "தானாய்ச் சரியாகும்" என்று நாள் கடத்தாமல் காது வைத்தியரிடம் காட்டுங்கள். காதுக்கருவியும் அறுவைச் சிகிச்சையும் பல பிள்ளைகளுக்கு இன்று உதவுகின்றன. வீட்டிலும் நீங்கள் செய்யக்கூடியது உண்டு. குழந்தையை மடியில் வைத்து அதன் கையை உங்கள் மார்பிலோ தொண்டையிலோ சேர்த்துப் பேசுங்கள். அதன் பெயரை அசை அசையாய்த் தட்டிச் சொல்லுங்கள். ஊதிய பலூனை அது அணைத்திருக்க, அருகே வாய் வைத்துப் பாடுங்கள். உங்கள் குரல் அதன் விரல்களில் அதிரும். தாளம் மட்டும் போதுமென்று எண்ணிவிடாதீர்கள். சைகைமொழியையும் தடுக்காமல், நீங்களும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். தாயின் நெற்றியருகே குனிந்த சிறுவன் பெல்லைப் பின்பற்றுங்கள். ஒரே வழிதான் என்று பிடிவாதம் செய்த பெரியவர் பெல்லைப் பின்பற்ற வேண்டாம்.