காப்டன் டிரைப் சரித்திரம்

பூக்களைப் படம் பிடிப்பதில் விருப்பமுடையோர் நம் மாணவருள் பலர். அழகிய பூவொன்றைக் கண்டவுடன் அவர்தம் விரல் விசையை அழுத்துகின்றது. பின்னர்ப் பூவோடு வேலியும் வேலியோடு சுவரும் படத்துட் புகுந்திருத்தலைக் கண்டு வருந்துகின்றனர். நிறத்தை மிகுவித்து அக்குறையை மறைக்க முயல்கின்றனர். எதனைப் படத்துள் வைப்பது, எதனை விலக்குவது, எடுத்த படத்தை எவ்வளவு திருத்துவது என்னும் வினாக்கள் இன்று தோன்றியவை அல்ல. புகைப்படக் கலையின் இளமையிலேயே இவற்றோடு போராடிய ஒருவர் நம் புதுக்கோட்டைச் சீமைக்கும் வந்து சென்றார். அவரே காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர்.

இவர் 1822 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14 ஆம் நாள், பின்னாளில் டெவன்போர்ட் எனப் பெயர்பெற்ற ஆங்கிலத் துறைமுக நகரிற் பிறந்தார். செடி கொடிகளை வகைப்படுத்திய சுவீடன் தேசத்துப் பேரறிஞரின் பெயரே இவருக்கும் வாய்த்தது. இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னைப் படையிற் சேர்ந்து இந்தியா போந்தார். விடுமுறையில் தாயகம் சென்றிருந்த காலத்துப் புகைப்படக் கலையைப் பயின்று, 1853 இல் இலண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். 1854 இல் பெங்களூருக்கு மீண்டு, ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1855 இல் நடந்த சென்னைக் கண்காட்சியில் இவர் படங்கள் பரிசு பெற்றன. அவ்வாண்டே பர்மிய அரசரிடம் சென்ற தூதுக்குழுவுடன் அனுப்பப்பெற்று, இருநூற்றுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். 1856 இல் சென்னை அரசாங்கத்தார் இவரைத் தம் புகைப்படக்காரராக நியமித்தனர்.

1857 ஆம் ஆண்டின் இறுதியிற் புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை முதலிய இடங்களை இவர் படமெடுத்தார். புதுக்கோட்டைக் காட்சிகள் 1858 இல் தனித் தொகுதியாகவே வெளிவந்தன. இவர் பெரும்பாலும் கையாண்டது மெழுகு தோய்த்த காகித நெகட்டிவ். அது வெயில்மிக்க நாட்டிற்கு ஏற்றது. எனினும் பச்சை நிறத்தை உணராது. ஆதலின் தளிரும் இலையும் ஒரே கரிய திரளாகப் பதியும். காட்சிப்பொழுது நீண்டதாதலின், காற்றில் அசையும் கிளை கலங்கித் தோன்றும். வானமோ மேகமின்றி வெறுமையாய் நிற்கும்.

இக்குறைகளை டிரைப் இருவகையால் வென்றார். முதலாவது, நிற்கும் இடத்தைத் தேர்தல். கோயிலையோ மரத்தையோ நகர்த்த இயலாது. தம் காலை நகர்த்தலாம், ஒளியின் சாய்வை நோக்கிக் காத்திருக்கலாம். மனிதர் அரிதாகவே தோன்றும் இவர் படங்களில், தூண் வரிசையும் நிழலும் நம் கண்ணைத் தாமே உள்ளே அழைத்துச் செல்கின்றன. இரண்டாவது, தூரிகை. நெகட்டிவில் வண்ணம் பூசிய இடம் ஒளியைத் தடுத்து, அச்சில் வெண்மையாய் விளங்கும். இம்முறையால் இலைகளைப் பிரித்துக் காட்டினார். வானில் முகிலையும் தீட்டினார்.

இது பொய்யாகாதோ என்று வினவலாம். இலையைத் துலக்கியது, கண் கண்டும் கருவி காணத் தவறியதை மீட்டதேயாகும். முகிலின் செய்தி அத்துணை எளிதன்று. அந்நாழிகையில் அவ்வானில் இல்லாத முகிலும் அதிற் சேர்ந்திருக்கக்கூடும். ஓவியனுக்கு இத்தடை இல்லை. அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசற் குகைக் கோயிலின் விதானத்தில், 9 ஆம் நூற்றாண்டினதாக அறிஞர் பலர் கருதும் தாமரைக் குளத்தைக் காண்கின்றோம். அங்கே மலரும் இலையும் மீனும் யானையும் தத்தமக்குரிய இடத்தில் அமைந்துள்ளன. அவற்றை அமைத்தவன் ஓவியன். புகைப்படக்காரனோ இயற்கை அமைத்ததைத் தேர்ந்தெடுப்பவன். அவன் தூரிகைக்கு எல்லை உண்டு.

அவ்வெல்லையை டிரைப் அறியாதவர் அல்லர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியிலுள்ள கல்வெட்டுக்களை 21 படங்களாக எடுத்து இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். எழுத்தைப் படிக்க வேண்டிய அவ்விடத்தில் அழகினும் உண்மையே முதன்மை பெற்றது.

இத்தகைய உழைப்பு நெடிது நிலைக்கவில்லை. 1859 இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் செலவு மிகுதி கருதி இப்பணியை நிறுத்திவிட்டார். அதன்பின் டிரைப் படமெடுத்தது மிகச் சிறிதே. படைப்பணியினின்று ஓய்வுபெற்றுப் பிறந்த ஊர் சென்று, 1902 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2 ஆம் நாள் காலமானார். அரசாங்கம் வீண்செலவென்று கருதிய படங்களை, 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் மாநகரங்களின் பெருங் காட்சிச்சாலைகள் சிறப்புடன் காட்சிக்கு வைத்தன.

நண்பர்களே, இன்று நம் கையிலுள்ள கருவி பச்சையையும் அறியும். காற்றிலாடும் இதழையும் இமைப்பொழுதிற் பிடிக்கும். ஆயினும் பூவைச் சுற்றி ஒருமுறை நடந்து நோக்கும் பொறுமையை அது நமக்குத் தாராது. வேண்டாத கொம்பைப் படமெடுத்தபின் அழிப்பதினும், ஓரடி விலகி நின்று தவிர்த்தல் நன்று. திருத்துங்கால், கண் கண்ட நிறத்தை மீட்பதோடு கை நிற்க வேண்டும். இல்லாத நிறத்தைப் பூவுக்கு ஏற்றின், எஞ்சுவது நம் கைத்திறமேயன்றி அப்பூ அன்று.