கிண்டியில் மண்டபம், கோழியாளத்தில் பிறப்பு: இரட்டைமலை சீனிவாசன் யார்? அடிமை முறைக்கும் அவர் வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கிண்டியில் இறங்கினால், சர்தார் படேல் சாலையில் காந்தி மண்டபம் இருக்கு. அந்த வளாகத்தில் காமராஜர், ராஜாஜி நினைவிடங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் பலரும் இன்னொரு மண்டபத்தைப் பெயரை மட்டும் படித்துவிட்டு கடந்துவிடுகிறார்கள். அது இரட்டைமலை சீனிவாசன் மண்டபம்.

அவர் பிறந்த ஊர் கோழியாளம். தாம்பரத்தில் இருந்து ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டிப் போனால் மதுராந்தகம் பக்கம் வரும். அவர் பிறந்தது 1860ஐ ஒட்டிய காலம். ஜூலை 7 அவருடைய பிறந்தநாள்.

அந்தக் காலத்து செங்கல்பட்டு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இவர் எதை எதிர்த்துப் போராடினார் என்பது புரியும்.

கரீபியனில் விடுதலை, இங்கே எப்போது?

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை 1833ல் நிறைவேற்றியது. 1834 ஆகஸ்ட் 1ல் அது ஜமைக்கா, டிரினிடாட் போன்ற கரீபியன் தீவுகளில் அமலுக்கு வந்தது. ஆனால் கிழக்கிந்திய கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். அதாவது, செங்கல்பட்டுக்கு அது கிடையாது.

இங்கே அடிமைத்தனத்தை நீதிமன்றம் ஏற்காது என்ற சட்டம் 1843ல்தான் வந்தது. அடிமை வியாபாரம் குற்றம் என்றானது 1860 இந்திய தண்டனைச் சட்டத்தில்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. கரீபியன் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் விடுதலையானதும், அந்த வேலைக்கு ஆள் பிடித்தது இந்தியாவில்தான். பிரெஞ்சுத் தீவுகளான மார்டினிக், குவாதலூப்புக்கு புதுச்சேரி, காரைக்காலில் இருந்து தமிழர்கள் கப்பலேறினார்கள். இன்றும் அந்தத் தீவுகளில் மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் வழிபாடு நடக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் 1860 அக்டோபரில் சென்னையில் இருந்தே கிளம்பியது.

சட்டம் வந்தும் ஏன் மாறவில்லை?

காரணம், நிலம். செங்கல்பட்டு கிராமங்களில் மிராசுதார்களிடம்தான் நிலம் இருந்தது. சேரி மக்கள் படியாளாக, பண்ணையாளாக வேலை செய்தார்கள். கூலி தானியமாகத்தான் கிடைக்கும். வாங்கிய கடன் தலைமுறை தாண்டியும் தொடரும். குடிசை போட்ட மனைகூட பெரும்பாலும் மிராசுதார் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். ஏட்டில் அடிமை இல்லை, ஆனால் வாழ்க்கையில் இருந்தது.

இதை அறிக்கையாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பியவர் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர். அதன் பலனாக 1892ல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு நிலம் ஒதுக்க வழி பிறந்தது. இன்று 'பஞ்சமி நிலம்' என்று நாம் சொல்வது இதைத்தான்.

பள்ளியில் ஒதுங்கி நின்ற சிறுவன்

சீனிவாசன் படித்தது கோயம்புத்தூரில். எந்த ஊர், எந்த சாதி என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் மற்ற மாணவர்களோடு சேராமல் ஒதுங்கியே இருந்ததாக, பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். படிப்பு முடிந்து நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனத்தில் கணக்கர் வேலை. நல்ல சம்பளம் வந்த அந்த வேலையை விட்டுவிட்டு சென்னை வந்தார்.

1891ல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் பத்திரிகை ஆரம்பித்தார். பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ, அதையே தலைப்பாக வைத்தார். நான்கு பக்க மாத இதழாக வந்தது, சீக்கிரமே வார இதழானது. 1900 வரை ஓடியது.

112 அடி நீள மனு

ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்ட நேரம் அது. சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீள மனுவை லண்டன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்.

இந்தியர்களுக்கு வேலை கிடைப்பதை ஒரு இந்தியரே எதிர்ப்பதா என்று கேட்கலாம். அவர் கணக்கு வேறு. படிக்கவே விடாத சமூகத்தில் தேர்வை மட்டும் இங்கே நடத்தினால், பதவி எல்லாம் ஏற்கெனவே ஆதிக்கத்தில் இருப்பவர்களுக்கே போகும், ஒடுக்குமுறை இன்னும் இறுகும் என்பது அவர் வாதம். இதற்காக அவர் மீது விமர்சனமும் உண்டு.

தென்னாப்பிரிக்கா பயணம்

1900ல் லண்டன் போகும் எண்ணத்தோடு கிளம்பியவர், ஆப்பிரிக்காவிலேயே தங்கிவிட்டார். 1904 முதல் தென்னாப்பிரிக்காவில் வேலை. காந்தியோடு அங்கே பழக்கம் ஏற்பட்டது.

நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போயிருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி. பணம் கட்ட முடியாதவர் மறுபடியும் ஒப்பந்தத்தில்தான் போய் விழ வேண்டும். கடன் போட்டுக் கட்டி வைக்கும் அதே பழைய முறை, கடல் தாண்டியும் இருந்தது.

சட்டசபையில் சாலைக்காக

1920களின் தொடக்கத்தில் சென்னை திரும்பிய சீனிவாசன், 1923ல் சட்டசபை உறுப்பினரானார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாவற்றையும் எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானம் 1924ல் நிறைவேறியது. அந்த உரிமைக்காக சபையில் ஓயாமல் வாதாடியவர்களில் முக்கியமானவர் அவர். தெருவில் நடக்கவே தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது!

1930, 1931 வட்டமேஜை மாநாடுகளுக்கு அம்பேத்கரோடு லண்டன் போனார். தனித்தொகுதி வேண்டும் என்பது இருவர் நிலைப்பாடும். கூட்டுத்தொகுதியை ஆதரித்தார் பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜா. கடைசியில் 1932 பூனா ஒப்பந்தத்தில் மூவருமே கையெழுத்திட்டார்கள். சட்டசபைகளில் 148 தனி இடங்கள் கிடைத்தன, ஆனால் வாக்களிப்பது கூட்டுத்தொகுதி முறையில்.

அம்பேத்கர் மதம் மாறுவதாக 1935ல் அறிவித்தபோது இவர் உடன்படவில்லை. நாம் இந்துக்களே அல்ல, பிறகு எதிலிருந்து மாறுவது என்பது இவர் கேள்வி. 1945 செப்டம்பர் 18ல் காலமானார்.

இன்று என்ன நிலை?

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது. ஆனாலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களில் செங்கல் சூளை, அரிசி ஆலைகளில் இருந்து குடும்பங்களை மீட்ட செய்திகள் வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: முன்பணம், அதாவது கடன்.

பஞ்சமி நிலம் பலவும் கைமாறிப் போனது. அதை மீட்கக் கேட்டு 1994 அக்டோபரில் காரணையில் தொடங்கிய போராட்டத்தில், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள்.

சாலையில் நடக்கும் உரிமை இன்று சட்டத்தில் இருக்கு, பள்ளிக்கூடமும் இருக்கு. 1892ல் தொடங்கிய நிலக் கேள்விக்கு மட்டும் பதில் இன்னும் முழுசாக வரவில்லை. அடுத்த முறை கிண்டி பக்கம் போனால், அந்த மண்டபத்துக்குள்ளும் ஒரு பத்து நிமிடம் போய் வரலாம்.