முதலாளிகளின் வக்கீல் மக்களின் வக்கீல் ஆன வரலாறு

வக்கீல் என்றதும் உழைக்கும் தோழனின் நினைவுக்கு வருவது என்ன? கறுப்புக் கோட்டு, கட்டுக்கட்டாய்க் காகிதம், கணக்கில் அடங்காத செலவு! அதிலும் கம்பெனி வக்கீல் என்றால் கேட்கவே வேண்டாம். ஆலை அதிபர் அழைத்தால் ஓடிவருவார். தொழிலாளி கேட்ட கூலி உயர்வு எந்தச் சட்டத்துக்கு விரோதம் என்று புத்தகத்தைப் புரட்டிக் காட்டுவார். அறிவு இருக்கிறது, அந்த அறிவுக்கு ஒரு விலை இருக்கிறது, விலை கொடுக்க வல்லவன் பக்கம் அது போய் நிற்கிறது. ஊருக்கு ஊர் நாம் காணும் காட்சி இது.

இந்தக் காட்சியை மாற்றிக் காட்டிய ஒருவரின் வரலாற்றை இன்று தோழர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். அவர் அமெரிக்க நாட்டவர். லூயி பிராண்டைஸ் என்பது பெயர். 1879 முதல் 1916 வரை 37 ஆண்டுகள் பாஸ்டன் நகரில் வக்கீல் தொழில் நடத்தியவர். வணிக வழக்குகளில் பெயர் பெற்று, கம்பெனிகளிடம் கட்டணம் வாங்கிப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். அப்படிப்பட்டவரை அந்நாட்டுப் பாட்டாளிகள் மக்களின் வக்கீல் என்று அழைத்தார்கள். எப்படி வந்தது இந்த மாற்றம்?

கணக்குப் புத்தகத்தைப் படித்த வக்கீல்

1856 நவம்பர் 13இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பிறந்தார் பிராண்டைஸ். பெற்றோர் யூதர்கள். ஐரோப்பாவில் 1848ஆம் ஆண்டுப் புரட்சி தோற்ற பின், பிராகா நகரை விட்டுக் கடல் கடந்து வந்தவர்கள். அடிமை முறையை வெறுத்த குடும்பம் அது. 18 வயதில் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். கண்பார்வை பழுதுபட்டது. உடன் பயின்றவர்கள் படித்துக் காட்ட, காதால் கேட்டே கற்றார். 1877இல் வகுப்பிலேயே முதல்வராக வெளியேறினார்.

இரண்டாண்டு கழித்து, காகித ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த சாமுவேல் வாரன் என்ற கல்லூரி நண்பருடன் கூட்டுச் சேர்ந்து பாஸ்டனில் அலுவலகம் திறந்தார். காகித ஆலைக்காரர், காலணி ஆலைக்காரர், வியாபாரிகள் எல்லோரும் தேடி வந்தார்கள். மற்ற வக்கீல்கள் சட்டப் புத்தகத்தைப் படித்தார்கள். இவர் கட்சிக்காரரின் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்துப் படித்தார். சரக்கு என்ன விலைக்கு வந்தது, எந்த மாதம் விற்பனை படுத்தது, எங்கே பணம் ஒழுகியது என்பதெல்லாம் முதலாளியைவிட இவருக்கு நன்றாகத் தெரியும். 1890களில் பெரும்பாலான அமெரிக்க வக்கீல்கள் ஆண்டுக்கு 5,000 டாலர்கூட ஈட்டாதபோது, இவர் 50,000 டாலருக்கு மேல் ஈட்டினார்.

அந்தப் பணத்தை அவர் என்ன செய்தார்? மாளிகை கட்டவில்லை, ஆடம்பர விருந்து வைக்கவில்லை. எளிய வீடு, எளிய உணவு, ஓய்வு கிடைத்தால் சிறு படகில் துடுப்புப் போடுவது. சேர்த்த பணம் அவருக்கு விடுதலைப் பத்திரம்! கட்சிக்காரரை நம்பித்தான் அடுத்த வேளைச் சோறு என்ற நிலையில் உள்ள வக்கீல், அவர் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல முடியாது. எவனுக்கும் அடிமையாகாமல் இருக்கவே முதலில் பணம் சேர்த்தார். சேர்ந்த பின் பொதுப்பணிக்குக் கட்டணம் வாங்க மறுத்தார். ரயில்வே கம்பெனியை எதிர்த்து நடந்த ஒரு நெடும்போராட்டத்தில், தம் நேரம் அதில் கழிந்ததால் கூட்டாளிகளுக்கு நட்டம் வரக் கூடாது என்று, தம் அலுவலகத்துக்கே 25,000 டாலர் அளவில் கைப்பணம் கட்டினார். ஊதியம் வாங்காத வக்கீலைப் பார்த்திருக்கலாம். உழைத்ததற்குத் தாமே பணம் கட்டிய வக்கீலை எங்கே பார்ப்பது?

ஹோம்ஸ்டெட் துப்பாக்கிச் சத்தம்

1892ஆம் ஆண்டு. பென்சில்வேனியா மாநிலம் ஹோம்ஸ்டெட்டில் கார்னகியின் எஃகு ஆலை. கூலியைக் குறைக்கவும் சங்கத்தை ஒழிக்கவும் நிர்வாகம் கதவை அடைத்தது. ஜூலை 6ஆம் நாள் பிங்கர்டன் கூலிப்படையைப் படகுகளில் ஏற்றி ஆற்று வழியே கொண்டுவந்து இறக்கப் பார்த்தது. துப்பாக்கிகள் வெடித்தன. இரு தரப்பிலும் உயிர்கள் மாய்ந்தன.

பாஸ்டனில் அப்போது வணிகச் சட்டம் பற்றித் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் விரிவுரை நடத்தக் குறிப்புகள் தயாரித்து வைத்திருந்தார் பிராண்டைஸ். ஹோம்ஸ்டெட் செய்தி வந்தது. குறிப்புகளை ஒதுக்கிவிட்டு மீண்டும் எழுத உட்கார்ந்தார். பழைய சட்டம் பழைய உலகுக்கு எழுதப்பட்டது. பல்லாயிரம் பேரை வேலைக்கு வைத்திருக்கும் ராட்சத ஆலையும் தனியொரு தொழிலாளியும் சமமாக நின்று ஒப்பந்தம் பேசுகிறார்கள் என்பது பொய் என அவருக்குப் புலப்பட்டது.

1902இல் அவருடைய கட்சிக்காரரான மெக்எல்வெயின் காலணி ஆலையில் கூலிக் குறைப்புத் தகராறு. நாங்கள் நல்ல கூலிதானே கொடுக்கிறோம் என்பது முதலாளி தரப்பு. பிராண்டைஸ் ஒரு கேள்வி கேட்டார்: நாட்கூலி இருக்கட்டும், ஆண்டு முழுவதும் சேர்த்துத் தொழிலாளி வீட்டுக்கு எவ்வளவு கொண்டுபோகிறான்? அங்கேதான் குட்டு உடைந்தது! ஆர்டர் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்று பல வாரங்கள் வெறுங்கையோடு கழிந்தன. தொழிலாளி பக்கம் நியாயம் இருக்கிறது என்று தம் கட்சிக்காரரிடமே சொன்னார். ஆர்டர்களை முன்கூட்டியே திரட்டி, ஆண்டு முழுவதும் வேலை சீராக ஓடும்படி அந்த ஆலையின் முறை மாற்றப்பட்டது. நிலையில்லாத வேலை தொழில் உலகின் பெரும்பாவம் என்ற முடிவை அவர் கடைசிவரை கைவிடவில்லை.

சில்லறைக் காசும் சலவைச் சாலையும்

அடுத்து இன்ஷூரன்ஸ். வாரந்தோறும் ஏஜென்டு தொழிலாளியின் வீட்டு வாசலுக்கு வந்து சில்லறைக் காசை வாங்கிப் போவார். சாவுச் செலவுக்கும் பிள்ளைகளுக்கும் என நம்பி ஏழைத்தாய் எடுத்துக் கொடுத்த காசு! அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பங்கு கம்பெனியின் செலவுக்கே போயிற்று. தவணை தவறினால் கட்டியதும் போச்சு. 1905இல் நியூயார்க்கில் நடந்த விசாரணை பெரிய கம்பெனிகளின் ஊழலை அம்பலமாக்கியது. பிராண்டைஸ் திட்டிவிட்டுப் போகவில்லை. மாற்று வழி கண்டார். சேமிப்பு வங்கிகளே குறைந்த செலவில் ஆயுள் இன்ஷூரன்ஸ் விற்கலாம் என்று திட்டம் தீட்டி, தொழிற்சங்கங்களிலும் மன்றங்களிலும் பேசி ஆதரவு திரட்டினார். 1907இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சட்டமாயிற்று. மறு ஆண்டு, காலணித் தொழிலாளர் நிறைந்த விட்மன் என்ற ஊரின் வங்கி முதலில் தொடங்கியது. தம் வாழ்நாளில் செய்த பணிகளில் பிராண்டைஸ் மிகவும் பெருமைப்பட்டது இதைப் பற்றித்தான்.

1905இல் ஒரு கொடுமை நடந்தது. ரொட்டிச் சாலைத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்ற நியூயார்க் சட்டத்தை, ஒப்பந்த உரிமைக்கு விரோதம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் அடித்துப் போட்டது. மாடாய் உழைப்பதும் உரிமையாம்! அடுத்து ஆரிகன் மாநிலத்தில், பெண்களுக்கு 10 மணி நேர வரம்பு வைத்த சட்டத்தை எதிர்த்து முல்லர் என்ற சலவைச் சாலை அதிபர் வழக்காடினார். சட்டத்தைக் காக்க வந்தார் பிராண்டைஸ். அவர் கொடுத்த வாதத்தில் சட்டம் பேசியது இரண்டே பக்கம். மீதி நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் மருத்துவர்களும் தொழிற்சாலை ஆய்வாளர்களும் பல நாட்டு அரசாங்கங்களும் எழுதிவைத்த உண்மைகள். நெடுநேர வேலை உடலை எப்படி உருக்குகிறது, குழந்தையை எப்படிப் பாதிக்கிறது என்ற விவரங்கள். அவற்றைத் திரட்டியவர் அவருடைய மைத்துனி ஜோசபின் கோல்ட்மார்க். துணை நின்றவர் பெண் தலைவர் பிளாரன்ஸ் கெல்லி. 1908 பிப்ரவரி 24இல் நீதிபதிகள் ஒருமித்துச் சட்டம் செல்லும் என்றார்கள். பெண்ணை வலுவற்றவளாகக் காட்டிய வாதம் இது என்ற கண்டனம் பிற்காலத்தில் எழுந்தது. அதிலும் நியாயம் உண்டு. ஆனால் தொழிற்சாலையின் உண்மை நிலை நீதிமன்றத்துக்குள் நுழைய வாசல் திறந்தது அன்றுதான்.

எதிர்த்தவர் யார், எதனால்?

1910இல் நியூயார்க்கில் மேலங்கி தைக்கும் தொழிலாளர் ஏறக்குறைய 60,000 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். நடுவராகப் போன பிராண்டைஸ், வாரம் 50 மணி நேர வேலை, சுகாதார மேற்பார்வைக் குழு, தகராறு தீர்க்கும் குழு ஆகியவை அடங்கிய உடன்பாட்டைச் செப்டம்பர் 2இல் முடித்து வைத்தார். நியூ ஹேவன் ரயில்வேயை வைத்து மார்கன் என்ற பணவேந்தர் நியூ இங்கிலாந்து முழுவதையும் வளைக்க முயன்றபோது, 1907 முதல் தனியாளாய் எதிர்த்து, அந்தக் கம்பெனியின் கணக்கு ஓட்டை என்று எழுதினார். நகைத்தார்கள். 1913 டிசம்பரில் பங்குதாரருக்கு ஈவுத்தொகை கொடுக்க முடியாமல் கம்பெனி கைவிரித்தது!

1916 ஜனவரியில் குடியரசுத் தலைவர் வில்சன் இவரை உச்சநீதிமன்ற நீதிபதியாக நியமிக்க முன்வந்தார். கொதித்தது கோடீசுவரர் கூட்டம். வக்கீல் சங்கத்தின் முன்னாள் தலைவர்களும், ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவரும் எதிர்ப்பு எழுதினர். நான்கு மாதம் விசாரணை. யூதர் என்பது ஒரு காரணம். பணத்துக்குப் பணியாத வக்கீல் என்பது பெரிய காரணம். ஜூன் 1இல் 47க்கு 22 என்ற வாக்கில் வென்றார். அந்த மன்றத்தில் அமர்ந்த முதல் யூதர் அவர். உடன் அமர்ந்த மெக்ரெனால்ட்ஸ் என்ற நீதிபதியோ, இவர் ஓய்வு பெற்றபோது பிரிவுக் கடிதத்தில் கையெழுத்திடவும் மறுத்தார். அப்படி இருந்தது வெறுப்பு! ஆண்டுக்கணக்கில் சிறுபான்மைத் தீர்ப்பு எழுதிய பிராண்டைஸ், 1937இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் செல்லும் என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானபோது பெரும்பான்மையில் நின்றார். 1939இல் ஓய்வு பெற்று, 1941 அக்டோபர் 5இல் தம் 84ஆம் வயதில் மறைந்தார்.

அவரைப் பொதுவுடைமைவாதி என்று யாரும் எண்ண வேண்டாம். சிறு தொழிலும் சிறு வாணிபமும் தழைக்க வேண்டும், ராட்சதக் கம்பெனி ஒழிய வேண்டும் என்பதே அவர் கொள்கை. தொழிற்சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்து வழக்குக்கு உட்படுத்த வேண்டும் என்று 1902இல் சங்கத் தலைவர் காம்பர்சுடன் மேடையில் மோதியவர். மேலங்கித் தொழிலாளரின் உடன்பாட்டிலும், சங்கத்தாரை மட்டுமே வேலைக்கு வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்காமல், சங்கத்தாருக்கு முன்னுரிமை என்பதோடு நிறுத்தினார். தொழிலாளரில் பலர் அதற்காகக் கசந்துகொண்டனர். பின்னர் முதலாளிகளே அந்த உடன்பாட்டை உடைத்தார்கள். நல்லெண்ணத்தால் மட்டும் முதலாளி கட்டுப்படுவான் என்று நம்பியது அவருடைய குறை.

குறை இருக்கட்டும், கொள்ள வேண்டியது என்ன? தோழர்களே! நிர்வாகத்தின் முன் பேசப் போகும்போது கோபம் மட்டும் போதாது, கணக்கும் கையில் இருக்க வேண்டும். நாட்கூலி என்ன என்று அவர்கள் காட்டினால், ஆண்டில் எத்தனை நாள் வேலை கொடுத்தாய் என்று கேட்கத் தெரிய வேண்டும். முதலாளியின் கணக்குப் புத்தகத்தைப் படித்த ஒரு வக்கீல் பெருங்கம்பெனிகளை நடுங்க வைத்தார் என்றால், அந்தக் கணக்குக்கே வியர்வை சிந்தும் தொழிலாளி அதைப் படிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்; கிளைச் சங்கங்களில் எடுத்துச் சொல்லுங்கள்!