இருபத்தொரு வயதில் அடங்கிய குரல்



இறந்த விசுவாசிகளுக்கான நவம்பர் மாதத்திலே பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களின் சேமக்காலைகளைத் துப்புரவாக்கி, மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கின்றீர்கள். அங்குள்ள சிறு சிலுவைகள் சில, வாழவேண்டிய வயதில் மறைந்தோருடையவை. அவ்வாறு மறைந்த கவிஞர் ஒருவரின் சரிதையை இன்று வாசியுங்கள்.

தோரு தத் 1856ஆம் ஆண்டு மார்ச் 4ஆந் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கோவிந்த சந்திர தத். 1862இல் குடும்பத்தினர் கிறிஸ்தவத்தைத் தழுவினர், கத்தோலிக்கர் அல்லர். தாயார் க்ஷேத்ரமணி முதலில் மனமொப்பவில்லை. பின்னரோ உறுதியான விசுவாசியானார். ஆயினும் முன்னோரின் பழங்கதைகள் அவ்வீட்டைவிட்டு நீங்கவில்லை. கோயில் மணியையும் ஆலய மணியையும் ஒரே மலைச்சரிவில் கேட்டு வளர்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1865இல் தமையன் அப்ஜு 14 வயதில் இறந்தான். 1869இல் பெற்றோர் இரு புதல்வியரையும் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றனர். பிரான்சின் நீஸ் நகரில் சில மாதங்கள் பாடசாலை. பின்னர் லண்டன், கேம்பிரிட்ஜ். பிரெஞ்சு மொழி தோருவுக்குத் தாய்மொழிபோல் ஆயிற்று. 1873இல் ஊர் திரும்பினர். அடுத்த ஆண்டு ஜூலையில் தமக்கை அரு காசநோயால் மாண்டார். வயது 20.

அதே நோய் தோருவையும் பற்றியிருந்தது. இன்று நம் அரசாங்க வைத்தியசாலைகளில் ஆறுமாத காலம் இலவசமாகத் தரப்படும் மருந்து அன்று இல்லை. அந்நோயின் கிருமியைக்கூட 1882இல்தான் கொக் கண்டறிந்தார். தமக்கு எஞ்சிய நாட்கள் சிலவே என்பதைத் தோரு அறியாதிருந்திருக்க முடியாது. அந்நாட்களை அவர் எவ்வாறு செலவிட்டார் என்று பாருங்கள்: இருமலுக்கும் காய்ச்சலுக்கும் இடையே தந்தையோடு அமர்ந்து சமஸ்கிருதம் கற்றார்!

பிரெஞ்சுக் கவிதைகளை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்த நூல் 1876இல் பவானிபூரில் அச்சாயிற்று. அருவின் மொழிபெயர்ப்புகள் சிலவும் அதிலே சேர்க்கப்பட்டன. மலிவான தாள், முன்னுரையும் இல்லை. லண்டன் பத்திரிகை அலுவலகமொன்றில் எவரும் பொருட்படுத்தாது கிடந்த அப்பிரதி எட்மண்ட் கொஸ் என்னும் விமர்சகரின் கையில் கொடுக்கப்பட்டது. வேண்டாவெறுப்பாகத் திறந்தவர், வியந்து பாராட்டி எழுதினார். அப்பாராட்டின் பின் தோரு வாழ்ந்தது ஏறத்தாழ ஓராண்டே. 1877 ஆகஸ்ட் 30இல் உயிர் பிரிந்தது. கல்கத்தாவின் மாணிக்தலா கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

மூன்று பிள்ளைகளையும் மண்ணுக்குக் கொடுத்த தந்தை, மகளின் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிரெஞ்சு மொழியில் முழு நாவல் ஒன்று இருந்தது. அது 1879இல் பாரிசில் வெளிவந்தது. சீதை, சாவித்திரி, துருவன் ஆகியோரைப் பற்றிய ஆங்கிலக் கவிதைகளும் இருந்தன. உடன்பிறந்தோருடன் விளையாடிய சவுக்கு மரத்தைப் பற்றிய கவிதையும் அவற்றோடு 1882இல் லண்டனில் நூலாயிற்று. அதன்பின் இரண்டாண்டுகளில், 1884இல், தந்தையும் கண்மூடினார்.