துப்பாக்கியைத் தாழ்த்திய துரை

கோலாலம்பூர் பழைய இரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் ஹப்பாக்கை நம்மில் பலர் அறிவோம். அவருடைய தம்பி தியோடர் ஹப்பாக்கை எத்தனை பேர் அறிவோம்? தாமான் நெகாராவின் தந்தையாக நான் மதிப்பது இவரைத்தான்.

1872-இல் இங்கிலாந்தில் பிறந்த தியோடர், மலாயாவுக்கு வந்து தோட்டத் துரையானார். யானையையும் செலாடாங் எனும் காட்டெருதையும் வேட்டையாடினார். 1905-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். விலங்குகள் குறைவதைக் கண்டபின் அதே வேட்டைக்காரர் அவற்றின் காவலரானார்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. யானைகள் ரப்பர்க் கன்றுகளை மிதித்தன. கம்பத்து மக்களின் பயிரையும் அழித்தன. அத்தகைய தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் முன்னோர் அல்லவா? அவர்கள் அச்சமும் நியாயமானதே.

1930-இல் அமைந்த வனவிலங்கு ஆணையத்தின் பொறுப்பேற்ற தியோடர், மலாயா முழுவதும் சாட்சியம் கேட்டு 1932-இல் அறிக்கை அளித்தார். விலங்குகளுக்கென்று நிரந்தரமான காடு வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. 1938, 1939ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரெங்கானு மாநிலங்கள் சட்டம் இயற்றின. 4,343 சதுர கிலோமீட்டர் காடு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்காவானது. சுதந்திரத்திற்குப் பின் அதுவே தாமான் நெகாரா. ஜப்பானியர் காலத்தில், 1942-இல், தியோடர் மறைந்தார்.

அவர் ஆராய்ந்த சுமத்திரா காண்டாமிருகம் இன்று மலேசியாவில் இல்லை. கடைசியாக எஞ்சியது 2019-இல் மாண்டது. ஆயினும் 1974 முதல், தோட்டங்களில் புகும் யானைகளை வனவிலங்குத் துறையினர் பிடித்துக் காட்டில் விடுகின்றனர். தாமான் நெகாராவிலும் விட்டிருக்கின்றனர். அந்தக் காடு இல்லாவிடில் அவற்றை எங்கே கொண்டு செல்வது? தோட்டத்தைக் காப்பதற்கும் காடு வேண்டும் என்பதே தியோடரின் வாழ்விலிருந்து நான் கற்ற பாடம்.