பாலைவனத்தில் செவிசாய்த்தவர்

ஜூபிலி என்றாலே மேளமும் ஒலிபெருக்கியும் வாணவேடிக்கையும் நம் நினைவுக்கு வருகின்றன. மகிழ்ச்சிக்கு இவையும் வேண்டும். ஆனால் ஆண்டவர் பேச, நாம் அமைதியாய்க் கேட்பது எப்போது? இக்கேள்விக்குத் தம் வாழ்வாலேயே விடை தந்த புனித சார்லஸ் தெ ஃபூக்கோவை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

இவர் 1858-இல் பிரான்ஸ் நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிறந்தார். ஆறு வயது நிரம்புமுன் தாய் தந்தையை இழந்தார். இளமையில் விசுவாசத்தையும் இழந்தார். இராணுவ அதிகாரியாகி, பாட்டனார் சொத்தைக் களியாட்டத்தில் கரைத்தார். 1883-இல் மொரோக்கோ நாட்டை ஆராயச் சென்றபோது, இஸ்லாமிய மக்களின் இறைப்பற்று அவர் உள்ளத்தைத் தொட்டது.

1886 அக்டோபரில், பாரீசு நகரில் அருட்தந்தை ஹூவ்லென் அவர்களைத் தேடிச் சென்றார். சமயத்தைப் பற்றி விளக்கம் கேட்பதே அவர் நோக்கம். குருவானவரோ, முதலில் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யப் பணித்தார். பேச வந்தவர் பணிந்தார். அன்றே நற்கருணையும் உட்கொண்டார்.

1890-இல் டிராப்பிஸ்டு துறவியானார். 1897 முதல் நாசரேத்தில், கிளாரா சபைக் கன்னியர் மடத்தில் வேலையாளாக ஒரு குடிசையில் வாழ்ந்து, நற்கருணை நாதர் திருமுன் பல மணி நேரம் மௌனமாய் அமர்ந்திருந்தார். 1901-இல் குருப்பட்டம் பெற்று அல்ஜீரியா நாட்டுப் பாலைவனத்திற்குச் சென்றார். 1905-இல் துவாரெக் மக்கள் நடுவே தமன்ராசெட்டில் குடியேறினார்.

இறைவன் முன் பழகிய மௌனம், மனிதரிடமும் செவிசாய்க்க அவருக்குக் கற்றுத் தந்தது. அம்மக்களின் மொழியைக் கற்றார். அவர்களுடைய பாடல்களைக் கேட்டு எழுதினார். அவர் உழைத்துத் தொகுத்த அகராதி, அவர் இறந்தபின் நான்கு தொகுதிகளாய் வெளிவந்தது.

எனினும் கொடுக்க மட்டுமே அறிந்திருந்த அவர், பெறவும் கற்க வேண்டியிருந்தது. 1907-இல் கடும் வறட்சி. உடன் பங்கேற்க எவரும் இல்லாததால், அன்றைய சட்டப்படி கிறிஸ்து பிறப்பன்றுகூடத் திருப்பலி நிறைவேற்ற இயலவில்லை. 1908 ஜனவரியில் நோயில் விழுந்தார். பஞ்சத்தில் வாடிய துவாரெக் மக்களே ஆட்டுப்பால் தேடிக் கொணர்ந்து அவரைப் பிழைக்க வைத்தனர். உதவ வந்தவர், ஏழைகளின் கையால் உயிர் பெற்றார். அந்த ஜனவரி இறுதியில், தனித்துத் திருப்பலி நிறைவேற்ற உரோமையின் அனுமதியும் வந்து சேர்ந்தது.

1916 டிசம்பர் முதல் நாள் ஆயுதக் குழுவினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருடன் வாழ ஒரு சீடர்கூட இல்லை. ஆயினும் 1933 முதல், அவர் வழியில் துறவுக் குடும்பங்கள் பல தழைத்தன. 2022 மே 15 அன்று, நம் மண்ணின் மறைசாட்சி தேவசகாயத்துடன் அவரும் புனிதராக உயர்த்தப்பட்டார்.

நற்கருணை வாங்கியதும் வாசலை நோக்கி விரையாமல், ஐந்து நிமிடம் அமைதியாய் அமர்வோம். வீடு திரும்பியதும், நாம் நெடுநாளாய்க் காதுகொடாத ஒருவர் பேசட்டும். அவர் முதிய தாயாகவோ, மனைவியாகவோ, மகனாகவோ இருக்கலாம். ஜூபிலி ஆண்டில் நம் பங்கு ஆண்டவருக்குக் கொடுக்கும் காணிக்கை இதுவாகட்டும்.